பைனரியா, மூலநிரலா? கட்டளைவரி மென்பொருளை நிறுவும் முறை

கட்டளைவரி மென்பொருள் என்பது சன்னல், பொத்தான், படக்குறி எதுவும் இல்லாமல், டெர்மினல் என்னும் எழுத்துத் திரையில் பெயரை அடித்து இயக்கப்படும் நிரல். வருடிய பக்கத்தின் படத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கும் டெசராக்ட், ஆயிரக்கணக்கான கோப்புகளில் ஒரு சொல்லை நொடிப்பொழுதில் தேடித் தரும் ரிப்கிரெப், ஒலி, ஒளிக் கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் எஃப்எஃப்எம்பெக் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. பழைய தமிழ் நூல்களை வருடி, தேடத்தக்க உரையாக மாற்ற முனைபவர்களுக்கு முதல் இரண்டும் பெரிதும் உதவும். மூன்றுமே இலவசம். மூன்றின் மூலநிரலும் எவரும் படிக்கும்படி திறந்தே இருக்கிறது.

வழக்கமான மென்பொருளை நிறுவும்போது 'நெக்ஸ்ட்' பொத்தானைச் சொடுக்கிக்கொண்டே போனால் வேலை முடிந்துவிடும். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் நான்கு காரியங்கள் நடக்கின்றன: கணினிக்குப் பொருந்தும் இயங்குகோப்பு வந்து சேர்கிறது, அந்தக் கோப்பு துணைக்கு நம்பியிருக்கும் பிற கோப்புகள் சரிபார்க்கப்படுகின்றன, கணினி தேடிப் பார்க்கும் இடத்தில் அது வைக்கப்படுகிறது, இயங்குவதற்கான அனுமதி அதற்குக் கிடைக்கிறது. கட்டளைவரி மென்பொருளைக் கையால் நிறுவும்போது இந்த நான்கையும் பயனரே செய்ய வேண்டும். நான்கும் புரிந்துவிட்டால், திரையில் தோன்றும் பிழைச்செய்தி ஒவ்வொன்றும் எந்தக் காரியம் பாக்கி இருக்கிறது என்பதைச் சொல்லும் குறிப்பாகிவிடும்.

கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே ஒலிப்புப்படி தமிழில் தரப்படுகின்றன. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

மூலநிரலும் பைனரியும்

நிரலாளர் எழுதுவது மூலநிரல். சி, சி++, ரஸ்ட், கோ போன்ற மொழிகளில், மனிதர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய உரைக்கோப்புகளாக அது இருக்கும். கணினியின் செயலிக்கு அந்த மொழிகள் தெரியாது. கம்பைலர் என்னும் மற்றொரு நிரல் மூலநிரலைப் படித்து, செயலிக்குப் புரியும் எண் கட்டளைகளாக மாற்றி ஒரு கோப்பில் எழுதுகிறது. அந்தக் கோப்புதான் பைனரி.

பைனரி இரண்டு விஷயங்களுக்குக் கட்டுப்பட்டது. ஒன்று, இயங்குதளம். லினக்ஸ் பைனரிகள் எல்ஃப் என்ற வடிவத்திலும், விண்டோஸ் பைனரிகள் பிஇ என்ற வடிவத்திலும், மேக்ஓஎஸ் பைனரிகள் மாக்-ஓ என்ற வடிவத்திலும் எழுதப்படுகின்றன. ஒன்றுக்காக உருவானது இன்னொன்றில் நேரடியாக ஓடாது. மற்றொன்று, செயலியின் வகை. இன்டெல், ஏஎம்டி செயலிகள் கொண்ட கணினிகளில் பெரும்பாலானவை எக்ஸ்86-64 வகை. ராஸ்பெர்ரி பையின் புதிய மாதிரிகளும், இன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலானவையும், 2020 நவம்பர் முதல் வெளிவரும் ஆப்பிளின் எம் வரிசைக் கணினிகளும் ஆர்ம்64 வகை. இரண்டு வகைச் செயலிகளும் பேசும் எண்மொழி வேறு.

பைனரி, கடையில் வாங்கும் ரெடிமேட் சட்டை. அளவு சரியாக இருந்தால் அப்போதே போட்டுக்கொள்ளலாம். மூலநிரலிலிருந்து கட்டுவது துணியெடுத்துத் தைப்பது. நேரமும் தையல் இயந்திரமும் வேண்டும். ஆனால் உடம்புக்கு ஏற்றபடி தைத்துக்கொள்ளலாம்.

முதலில் பார்க்க வேண்டிய இடம்

இரண்டு வழிகளுக்கும் முன்பாக மூன்றாவது ஒன்று இருக்கிறது. அது பேக்கேஜ் மேனேஜர், அதாவது இணையக் களஞ்சியம் ஒன்றிலிருந்து மென்பொருளை இறக்கி நிறுவித் தரும் நிரல். லினக்ஸ் வகைகளில் டெபியன், உபுண்டுவுக்கு ஆப்ட், ஃபெடோராவுக்கு டிஎன்எஃப், மேக்ஓஎஸ்ஸுக்கு மேக்ஸ் ஹவல் 2009இல் தொடங்கிய ஹோம்ப்ரூ, விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட் 2020இல் அறிவித்த விங்கெட் என்று ஒவ்வொரு தளத்துக்கும் ஒன்று உண்டு. 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்று எழுதி ('சூடோ' என்பது நிர்வாகி உரிமையோடு இயக்கச் சொல்வது), டெசராக்டின் பேக்கேஜ் பெயரையும் தமிழுக்கான மொழித்தரவுப் பேக்கேஜின் பெயரையும் சேர்த்து அடித்தால், மேலே சொன்ன நான்கு காரியங்களும் தாமாகவே நடந்துவிடும். பதிப்பு புதுப்பிப்பதும் பின்னர் நீக்குவதும் ஒரே கட்டளையில் முடியும். வேண்டிய பதிப்பு அங்கே கிடைத்தால் வேறெங்கும் போக வேண்டியதில்லை.

கிடைக்காத நேரமும் உண்டு. நீண்டகால ஆதரவு தரும் லினக்ஸ் வெளியீடுகள் வெளிவரும்போது இருக்கும் பதிப்புகளைப் பூட்டிவைத்து, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டுமே பின்னர் சேர்க்கின்றன. டெசராக்டின் 5ஆம் பதிப்பு 2021 நவம்பரில் வந்தது. 2022 ஏப்ரலில் வெளியான உபுண்டு 22.04 தருவதோ 4.1.1 பதிப்பு. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த உபுண்டு 24.04இல்தான் 5.3 கிடைத்தது. இடையில் புதிய பதிப்பு தேவைப்பட்டவர்கள் அதிகாரபூர்வக் களஞ்சியத்துக்கு வெளியே தேட வேண்டியிருந்தது.

மென்பொருள் அந்தக் களஞ்சியத்தில் சேர்க்கப்படவே இல்லை என்பது இன்னொரு காரணம். அலுவலக, பல்கலைக்கழகக் கணினிகளில் நிர்வாகி உரிமை இல்லாதவர்கள் பேக்கேஜ் மேனேஜரை இயக்க முடியாது என்பது மூன்றாவது. பைனரியும் மூலநிரலும் இந்த இடங்களில்தான் கைகொடுக்கின்றன.

சரியான பைனரியைத் தேர்வது

ஆண்ட்ரூ கேலன்ட் 2016இல் வெளியிட்ட ரிப்கிரெப் பைனரி வழிக்கு நல்ல உதாரணம். ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட இந்தத் தேடல் கருவி யூனிகோடு எழுத்துகளை முறையாகக் கையாளுவதால் தமிழ்ச் சொற்களையும் தடையின்றித் தேடும். அதன் ஒவ்வொரு வெளியீட்டிலும் பத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் வரிசையாக இருக்கும். எல்லாம் ஒரே பதிப்புதான். எந்தக் கணினிக்கு என்பது மட்டுமே வேறுபாடு. அந்த விவரம் கோப்பின் பெயரிலேயே இருக்கிறது.

பெயரில் முதலில் மென்பொருளின் பெயரும் பதிப்பு எண்ணும் வரும். அடுத்தது செயலி வகை. எக்ஸ்86-64 அல்லது ஏஎம்டி64 என்று இருந்தால் இரண்டும் ஒன்றே. இன்டெல் கணினிக்கும் அதுதான். ஏஆர்க்64, ஆர்ம்64 ஆகிய இரண்டும் ஒன்று. அதற்கடுத்து இயங்குதளம். 'டார்வின்' என்றால் மேக்ஓஎஸ். கணினியின் வகை தெரியாதவர்கள் லினக்ஸிலும் மேக்கிலும் டெர்மினலில் 'யூநேம்' என்று அடித்து, இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் 'எம்' எழுத்தும் சேர்த்தால் பதில் கிடைக்கும். விண்டோஸில் செட்டிங்ஸின் 'அபவுட்' பக்கத்தில் இது இருக்கும்.

லினக்ஸுக்கான கோப்புப் பெயரின் கடைசியில் 'ஜிஎன்யூ' அல்லது 'மஸல்' என்ற சொல் வரக்கூடும். இது சி மொழியின் அடிப்படை லைப்ரரியை, அதாவது நிரல்கள் துணைக்கு நம்பியிருக்கும் பொதுக் கோப்பைக் குறிக்கிறது. பெரும்பாலான லினக்ஸ் வகைகள் ஜிலிப்சி என்ற லைப்ரரியைப் பயன்படுத்துகின்றன. அதை நம்பிக் கட்டப்பட்ட பைனரி, தான் கட்டப்பட்ட கணினியில் இருந்ததைவிடப் பழைய ஜிலிப்சி கொண்ட கணினியில் பெரும்பாலும் ஓடாது. தேவைப்படும் ஜிலிப்சி பதிப்பு இல்லை என்று சொல்லி நின்றுவிடும். மஸல் பைனரியில் அந்த அடிப்படை லைப்ரரி பெரும்பாலும் உள்ளேயே சேர்த்துக் கட்டப்பட்டிருப்பதால், கணினியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்ற கவலை வேண்டாம். கோப்பு சற்றுப் பெரிதாக இருக்கும். பழைய லினக்ஸ் கணினிகளுக்கு மஸல் பைனரியே பாதுகாப்பான தேர்வு.

சரிபார்த்து, பிரித்து, வைப்பது

இறக்கிய கோப்பை உடனே திறக்கக் கூடாது. அதனருகே பெரும்பாலும் 'ஷா-256' என்ற பெயரோடு சிறிய கோப்பு ஒன்று இருக்கும். ஒரு கோப்பின் மொத்த உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிடப்படும் 64 குறிகள் கொண்ட கைரேகை அது. கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் கைரேகை முற்றிலும் மாறிவிடும். லினக்ஸில் 'ஷா256சம்', மேக்கில் 256 வகையைக் குறிப்பிட்டு 'ஷாசம்', விண்டோஸ் பவர்ஷெல்லில் 'கெட்-ஃபைல்ஹேஷ்' ஆகிய கட்டளைகள் இறக்கிய கோப்பின் கைரேகையைக் கணக்கிட்டுத் தரும். வெளியீட்டாளர் தந்ததோடு அது ஒத்துப்போனால் கோப்பு வழியில் சிதையவில்லை என்று பொருள்.

கோப்பு பொதுவாக லினக்ஸ், மேக்கில் 'டார்' பொதியாகவும், விண்டோஸில் 'ஜிப்' பொதியாகவும் வரும். டார் என்பது யூனிக்ஸில் காந்த நாடாவில் கோப்புகளைச் சேமிக்க 1979இல் வந்த நிரல். நாடா போய்விட்டது, பொதி கட்டும் முறை மட்டும் நிலைத்துவிட்டது. பொதியைப் பிரித்தால் ஒரு ஃபோல்டர் கிடைக்கும். ரிப்கிரெப் ஃபோல்டருக்குள் கையேடு, உரிம ஆவணம் ஆகியவற்றோடு 'ஆர்ஜி' என்ற இரண்டெழுத்துப் பெயரில் ஒரு கோப்பு இருக்கும். முழு மென்பொருளும் அந்த ஒரே கோப்புதான்.

அதை எங்கே வைப்பது? எல்லாப் பயனர்களுக்கும் வேண்டுமானால் 'யூசர்' ஃபோல்டருக்குள் 'லோக்கல்', அதற்குள் 'பின்'. யூனிக்ஸ் மரபில் இந்த இடம் பேக்கேஜ் மேனேஜர் தொடாத, நிர்வாகி கையால் நிறுவும் மென்பொருளுக்கென ஒதுக்கப்பட்டது. இங்கே எழுத நிர்வாகி உரிமை வேண்டும். அதாவது கட்டளைக்கு முன் 'சூடோ' சேர்க்க வேண்டும். ஒரே பயனருக்கு மட்டும் என்றால் அவருடைய ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளியோடு தொடங்கும் 'லோக்கல்', அதற்குள் 'பின்' போதும். இதற்கு எவருடைய அனுமதியும் வேண்டாம். பேக்கேஜ் மேனேஜர் ஆளும் 'யூசர் பின்' ஃபோல்டரில் மட்டும் கையால் எதையும் போடக் கூடாது. அடுத்த முறை புதுப்பிக்கும்போது இரண்டும் மோதிக்கொள்ளும்.

லினக்ஸிலும் மேக்கிலும் ஒரு கோப்பை இயக்கலாம் என்ற அனுமதி தனியாக இருக்க வேண்டும். டார் பொதியில் வந்தால் அனுமதியும் கூடவே வரும். பொதி இல்லாமல் தனிக் கோப்பாக இறக்கினால் அது இருக்காது. 'சிஎச்மாட்' கட்டளையில் கூட்டல் குறியும் 'எக்ஸ்' எழுத்தும் சேர்த்துக் கோப்பின் பெயரை அடித்தால் அனுமதி கிடைத்துவிடும். மேக்ஓஎஸ், உலாவி வழியாக இறங்கிய கோப்புகளுக்குத் தனிமைப்படுத்தும் முத்திரை ஒன்றைக் குத்திவைக்கிறது. ஆப்பிளிடம் பதிவுபெறாத நிரல் என்றால் முதல் முறை இயக்கும்போது தடுத்துவிடும். மூலம் நம்பகமானது என்று உறுதியானபின் சிஸ்டம் செட்டிங்ஸின் பாதுகாப்புப் பகுதியில் அனுமதி கொடுக்கலாம்.

பாத் என்னும் தேடல் பட்டியல்

புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் தடுமாறுவது பாத் என்ற இடத்தில். டெர்மினலில் 'ஆர்ஜி' என்று அடித்ததும், ஷெல் என்ற நிரல் கணினி முழுவதையும் தேடுவதில்லை. பாத் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் பட்டியலை அது வைத்திருக்கிறது. அந்த வரிசையில் ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்தப் பெயரில் முதலில் கிடைக்கும் கோப்பை இயக்குகிறது. பட்டியலில் எங்குமே இல்லாவிட்டால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று சொல்லிவிடுகிறது. கோப்பு கணினியில் இல்லை என்பது அதன் பொருளல்ல. பட்டியலில் உள்ள ஃபோல்டர்களில் இல்லை என்பதே பொருள்.

இப்போது நிற்கும் ஃபோல்டர் கூட லினக்ஸிலும் மேக்கிலும் அந்தப் பட்டியலில் கிடையாது. கண்ணெதிரே இருக்கும் கோப்பை இயக்கவும் பெயருக்கு முன் புள்ளியும் சாய்கோடும் போட வேண்டியிருப்பது இதனால்தான். பொதுவான கட்டளை ஒன்றின் பெயரில் யாராவது தீய நிரலை ஒரு ஃபோல்டரில் வைத்துவிட்டால், அங்கே போய் அந்தக் கட்டளையை அடிப்பவர் தெரியாமல் அதை இயக்கிவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு.

பட்டியலில் புதிய ஃபோல்டரைச் சேர்க்க, லினக்ஸில் ஹோம் ஃபோல்டரில் உள்ள 'பாஷ்ஆர்சி' கோப்பிலும், மேக்கில் 'இசட்ஷ்ஆர்சி' கோப்பிலும் ஒரு வரி எழுதினால் போதும். உபுண்டுவில் ஹோம் ஃபோல்டரில் 'லோக்கல் பின்' இருந்தால் அடுத்த முறை உள்நுழையும்போது அது தானாகச் சேர்ந்துகொள்ளும். விண்டோஸில் 'என்வைரான்மென்ட் வேரியபிள்ஸ்' என்ற உரையாடல் பெட்டியில் சேர்க்க வேண்டும். எந்தத் தளத்திலும், ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினலுக்கு மாற்றம் தெரியாது. மூடிப் புதிதாகத் திறக்க வேண்டும்.

வரிசைக்கும் முக்கியத்துவம் உண்டு. ஒரே பெயரில் இரண்டு பதிப்புகள் இருந்தால் பட்டியலில் முன்னே வரும் ஃபோல்டரில் இருப்பதே ஓடும். உபுண்டுவில் 'யூசர் லோக்கல் பின்' முன்னால் வருவதால், கையால் நிறுவியது ஆப்ட் தந்ததை முந்திக்கொள்ளும். எது ஓடுகிறது என்ற சந்தேகம் வந்தால் 'டைப்' கட்டளையோடு சிறு கோடும் 'ஏ' எழுத்தும் சேர்த்து, மென்பொருளின் பெயரையும் அடித்தால், எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும்.

மூலநிரலிலிருந்து கட்டுவது

டெசராக்ட் எச்பி நிறுவனத்தின் ஆய்வகங்களில் 1985க்கும் 1994க்கும் இடையே உருவானது. 2005இல் அதன் மூலநிரல் திறந்து விடப்பட்டது. 2006 முதல் கூகுள் அதன் வளர்ச்சிக்குத் துணைநின்றது. விண்டோஸுக்கான நிறுவிக் கோப்பை ஜெர்மனியின் மன்ஹைம் பல்கலைக்கழக நூலகம் கட்டித் தருகிறது. லினக்ஸில் பேக்கேஜ் மேனேஜர் தராத பதிப்பு வேண்டுமானால் மூலநிரலிலிருந்து கட்டிக்கொள்வதே நேர்வழி.

முதலில் கருவிகள் வேண்டும். சி++ கம்பைலர், 'மேக்' என்னும் கட்டுமான நிரல், ஆட்டோமேக், லிப்டூல் ஆகியவற்றை ஆப்ட் மூலமே பெறலாம். 'பில்ட்-எசென்ஷியல்' என்ற ஒரே பேக்கேஜில் கம்பைலரும் மேக்கும் சேர்ந்தே வரும். டெசராக்ட் 5க்கு சி++ மொழியின் 2017ஆம் ஆண்டுத் தரத்தைப் புரிந்துகொள்ளும் கம்பைலர் அவசியம்.

அடுத்தது துணை லைப்ரரிகள். படங்களைத் திறந்து பதப்படுத்தும் வேலையை டெசராக்ட் தானே செய்வதில்லை. லெப்டானிகா என்ற லைப்ரரியிடம் விட்டுவிடுகிறது. ஒரு லைப்ரரியைப் பயன்படுத்தி ஓடுவதற்கும், அதை வைத்துப் புதிதாகக் கட்டுவதற்கும் வேறு வேறு கோப்புகள் தேவை. கட்டுவதற்கு வேண்டிய தலைப்புக் கோப்புகள் டெபியன், உபுண்டுவில் 'டெவ்' என்று முடியும் பெயர்களிலும், ஃபெடோராவில் 'டெவெல்' என்று முடியும் பெயர்களிலும் தனிப் பேக்கேஜாக இருக்கும். லைப்ரரி ஏற்கெனவே கணினியில் இருந்தும் 'கிடைக்கவில்லை' என்ற பிழை வந்தால், பெரும்பாலும் டெவ் பேக்கேஜ் இல்லாததே காரணம். லெப்டானிகாவையும் கையாலேயே கட்டுபவர்கள், அதற்கு முன் பிஎன்ஜி, ஜேபெக், டிஃப் லைப்ரரிகளின் டெவ் பேக்கேஜுகளை நிறுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் டெசராக்ட் எந்தப் பிழையும் இல்லாமல் கட்டி முடியும். ஆனால் அந்த வகைப் படங்களைத் திறக்க மறுக்கும்.

இதன்பின் ஐந்து கட்டளைகள். மூலநிரல் ஃபோல்டருக்குள் சென்று வரிசையாக அடிக்க வேண்டும்.

முதலாவது 'ஆட்டோஜென்'. அடுத்து வரும் கான்ஃபிகர் என்ற நிரலை இது உருவாக்குகிறது. வெளியீட்டுப் பொதியிலேயே கான்ஃபிகர் வந்துவிடும் மென்பொருள்களுக்கு இந்தப் படி தேவைப்படாது.

இரண்டாவது 'கான்ஃபிகர்'. எந்தக் கம்பைலர் இருக்கிறது, எந்த லைப்ரரிகள் எந்தப் பதிப்பில் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, இந்தக் கணினிக்கே உரிய கட்டுமானக் குறிப்பை எழுதுகிறது. யூனிக்ஸ் பல நிறுவனங்களின் கையில் பல கிளைகளாகப் பிரிந்திருந்த காலத்தில், ஒரே மூலநிரலை எல்லாக் கிளைகளிலும் கட்டுவது பெரும்பாடாக இருந்தது. அதற்குத் தீர்வாக டேவிட் மெக்கென்சி 1991இல் உருவாக்கிய ஆட்டோகான்ஃப் கருவி உருவாக்கித் தருவதுதான் இந்தக் கான்ஃபிகர். இது பிழை சொல்லி நின்றால் கடைசிச் சில வரிகளைப் படித்தால் போதும். இல்லாத லைப்ரரியின் பெயர் அங்கே இருக்கும்.

மூன்றாவது 'மேக்'. பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் எழுதிய நிரலின் வழிவந்தது இது. எந்தக் கோப்பு எதைச் சார்ந்திருக்கிறது என்ற பட்டியலைப் படித்து, மாறியவற்றை மட்டும் சரியான வரிசையில் கம்பைலரிடம் கொடுக்கிறது. செயலியில் பல கோர்கள் இருந்தால், சிறு கோடும் 'ஜே' எழுத்தும் எண்ணும் சேர்த்து ஒரே நேரத்தில் பல கோப்புகளைக் கட்டச் சொல்லலாம். நினைவகம் குறைந்த கணினிகளில் இந்த எண்ணைக் கூட்டினால், இடம் போதாமல் கம்பைலர் பாதியில் நின்றுவிடும்.

நான்காவது 'சூடோ மேக் இன்ஸ்டால்'. கட்டி முடித்த கோப்புகளை 'யூசர் லோக்கல்' ஃபோல்டருக்குள் உரிய இடங்களில் நகலெடுக்கிறது. நிர்வாகி உரிமை இந்தப் படிக்கும் அடுத்த படிக்கும் மட்டுமே வேண்டும். முந்தைய படிகளைச் சூடோவோடு இயக்குவது தேவையற்ற ஆபத்து.

ஐந்தாவது 'சூடோ எல்டிகான்ஃபிக்'. புதிதாக வந்த லைப்ரரியைக் கணினியின் பட்டியலில் சேர்க்கிறது. இதைத் தவறவிட்டால், டெசராக்ட் இருக்கும். இயக்கினால் அதன் லைப்ரரியைத் திறக்க முடியவில்லை என்ற பிழை வரும்.

எல்லாம் முடிந்தபின்னும் டெசராக்டுக்குத் தமிழ் தெரியாது. மூலநிரலோடு மொழித்தரவு வருவதில்லை. ஒவ்வொரு மொழிக்கும் பயிற்றுவிக்கப்பட்ட தரவுக் கோப்பு தனிக் களஞ்சியங்களில் இருக்கிறது. வேகத்துக்காக 'ஃபாஸ்ட்', துல்லியத்துக்காக 'பெஸ்ட்' என்று வகைகள் உண்டு. தமிழுக்கான கோப்பின் பெயர் 'டாம்' என்று தொடங்கும். அதை 'யூசர் லோக்கல் ஷேர்' ஃபோல்டரில் உள்ள 'டெஸ்டேட்டா'வுக்குள் வைக்க வேண்டும். 'லிஸ்ட்-லாங்ஸ்' என்ற விருப்பத்தோடு இயக்கிப் பார்த்து, பட்டியலில் தமிழ் வந்துவிட்டால் வேலை முடிந்தது. தமிழும் ஆங்கிலமும் கலந்த பக்கங்களுக்கு இரண்டு மொழிப் பெயர்களையும் கூட்டல் குறியால் இணைத்துக் கொடுக்கலாம்.

எல்லா மென்பொருளும் இதே ஐந்து படிகளைப் பின்பற்றுவதில்லை. 2000இல் தோன்றிய சிமேக் பல பெரிய திட்டங்களில் கான்ஃபிகருக்குப் பதிலாக இருக்கிறது. ரஸ்ட் மென்பொருளுக்குக் 'கார்கோ இன்ஸ்டால்', கோ மொழி மென்பொருளுக்குக் 'கோ இன்ஸ்டால்' என்ற ஒரே கட்டளை மூலநிரலை இறக்கி, துணை லைப்ரரிகளைத் தேடி, கட்டி, ஹோம் ஃபோல்டரிலேயே வைத்துவிடும். எந்த முறை என்பதை மூலநிரலோடு வரும் 'ரீட்மீ' அல்லது 'இன்ஸ்டால்' கோப்பு சொல்லும். கட்டத் தொடங்கும் முன் அதைப் படிப்பது கட்டாயம்.

தேவைக்கேற்பக் கட்டலாம்

பதிப்பு மட்டுமல்ல, உள்ளடக்கத்தையும் தேர்ந்துகொள்ளலாம் என்பது மூலநிரலின் பலம். எஃப்எஃப்எம்பெக் இதற்குச் சரியான உதாரணம். ஃபப்ரீஸ் பெலார்ட் 2000இல் தொடங்கிய இந்தத் திட்டம் அதிகாரபூர்வமாக மூலநிரலை மட்டுமே வெளியிடுகிறது. பைனரிகளைக் கட்டித் தருபவர்கள் வெளியார். காணொளிச் சுருக்கத்துக்கான எக்ஸ்264 லைப்ரரி வேண்டுமானால் கான்ஃபிகர் படியில் அதையும் ஜிபிஎல் உரிமத்தையும் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். 'நான்ஃப்ரீ' என்ற விருப்பத்தைச் சேர்த்துக் கட்டிய பைனரியைச் சொந்தமாகப் பயன்படுத்தலாம், பிறருக்கு விநியோகிக்க உரிமம் இடம் தராது. சில வசதிகள் எந்த ஆயத்த பைனரியிலும் கிடைக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

'ப்ரிஃபிக்ஸ்' என்பது கான்ஃபிகரின் இன்னொரு பயனுள்ள விருப்பம். மென்பொருள் எந்த ஃபோல்டரில் போய்ச் சேர வேண்டும் என்று இதில் சொல்லலாம். ஹோம் ஃபோல்டருக்குள் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி ஃபோல்டர் கொடுத்தால் சூடோவும் வேண்டாம். வேண்டாதபோது அந்த ஃபோல்டரை அழித்தால் முழுவதும் நீங்கிவிடும். 'யூசர் லோக்கல்' ஃபோல்டரில் நேரடியாக நிறுவியவற்றை நீக்க 'மேக் அன்இன்ஸ்டால்' உதவும். ஆனால் எல்லாத் திட்டங்களும் அதைத் தருவதில்லை. தருபவற்றுக்கும் கட்டிய மூலநிரல் ஃபோல்டர் அப்படியே இருக்க வேண்டும். அதைப் பத்திரப்படுத்துவது நல்லது.

கையால் நிறுவியவற்றைக் கணினி தானாகப் புதுப்பிக்காது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். பாதுகாப்புக் குறை கண்டறியப்பட்டுத் திருத்தம் வந்தால், அதைக் கவனித்து மறுபடி நிறுவும் பொறுப்பு பயனருடையது.

யாரை நம்புவது

கைரேகைச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. கோப்பும் கைரேகையும் ஒரே தளத்தில் இருந்தால், அதற்குள் புகுந்தவர் இரண்டையும் மாற்றிவிடலாம். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்தில் ஊடுருவியவர்கள், இறக்கும் இணைப்பைத் திருத்தி, பின்கதவு (ரகசியமாக உள்நுழையும் வழி) பொருத்திய வட்டுப் படத்துக்குத் திருப்பிவிட்டார்கள். இத்தகைய நிலைக்கு மின்கையொப்பம் கூடுதல் பாதுகாப்பு. வெளியீட்டாளர் தன்னிடம் மட்டும் உள்ள ரகசியச் சாவியால் கையொப்பமிடுகிறார். அவருடைய பொதுச் சாவியை வேறு வழியில் பெற்று, ஜிஎன்யூபிஜி போன்ற நிரலால் சரிபார்க்கலாம். தளத்தைக் கைப்பற்றியவரிடம் ரகசியச் சாவி இருக்காது.

மூலநிரல் திறந்திருப்பதே போதிய பாதுகாப்பு என்ற எண்ணத்தை 2024 மார்ச் மாத நிகழ்வு அசைத்தது. லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று இருந்தது. ஈராண்டுகளுக்கு மேல் பங்களித்து, பராமரிப்பாளர் என்ற நம்பிக்கையைப் பெற்ற ஒருவரே அதைச் சேர்த்திருந்தார். தொலைவிலிருந்து உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, காரணம் தேடிப் போன மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் அதைக் கண்டுபிடித்தார். பின்கதவைக் கட்டுமானத்தின்போது உள்ளே இழுக்கும் கட்டளைவரிகள், எல்லோரும் பார்க்கும் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தன. களஞ்சியத்தில் இருக்கும் மூலநிரலும் பொதியில் வரும் மூலநிரலும் ஒன்றுதானா என்ற கேள்வி அதன்பின் கூர்மையாகியது.

ஒரே மூலநிரலிலிருந்து யார் கட்டினாலும் பிட் மாறாமல் ஒரே பைனரி வர வேண்டும் என்ற முயற்சியை டெபியன் 2013இல் தொடங்கியது. அப்படிக் கட்ட முடிந்தால், வெளியீட்டாளர் தரும் பைனரி சொல்லப்பட்ட மூலநிரலிலிருந்துதான் வந்ததா என்று எவரும் சோதித்துவிடலாம்.

சாதாரணப் பயனருக்கு நடைமுறை விதிகள் சிலவே. திட்டத்தின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். கைரேகையையும், கையொப்பம் இருந்தால் அதையும் சோதிக்க வேண்டும். இணையத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்டை இழுத்து நேரடியாக ஷெல்லுக்குள் பாய்ச்சும் ஒற்றை வரிக் கட்டளைகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டக் கூடாது; ஸ்கிரிப்டை முதலில் கோப்பாக இறக்கி, படித்துப் பார்த்தபின் இயக்க வேண்டும். சூடோ கேட்கும் எந்த வரிக்கும் காரணம் தெரிந்திருக்க வேண்டும்.

எப்போது எது

பேக்கேஜ் மேனேஜரில் போதுமான பதிப்பு இருந்தால் அதுவே முதல் தேர்வு. புதுப்பித்தலும் நீக்கலும் சரிபார்த்தலும் அதிலேயே அடங்கிவிடுகின்றன. அங்கே இல்லாத, அல்லது மிகப் பழையதாக இருக்கும் மென்பொருளுக்கு, வெளியீட்டாளரே தரும் பைனரி அடுத்த தேர்வு. ரிப்கிரெப் போல ஒரே கோப்பில் அடங்கும் கருவிகளுக்கு இதைவிட எளிய வழி இல்லை. தன் செயலிக்குப் பைனரி கிடைக்காதபோதும், ஆயத்தப் பைனரியில் இல்லாத வசதி தேவைப்படும்போதும், நிரலைத் தானே திருத்த விரும்பும்போதும் மூலநிரலிலிருந்து கட்டலாம். வேறு வழி இருக்கும்போது, வேகம் கூடும் என்ற நம்பிக்கையில் மட்டும் மூலநிரலிலிருந்து கட்டுவது பெரும்பாலான பயனர்களுக்கு உழைப்புக்கேற்ற பலனைத் தராது.